எச்சரிக்கை மணியும் எமது கடமையும்

விழா மலரொன்றிற் பழைய மாணவர் எழுதப் புகும்போது, தம்மை ஆளாக்கிய ஆசிரியப் பெருந்தகைகளையும், மைதானத்திற் கழித்த மாலைப் பொழுதுகளையும், போட்டிகளிற் பெற்ற வெற்றிகளையும் நினைந்து எழுதுதல் மரபு. அம்மரபினை நாமும் மதிக்கின்றோம். எனினும், அவற்றை இம்மலரின் பிற பக்கங்களில் எம்மினும் வல்லார் எழுதியிருப்பராதலின், நாம் சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டோம். வீட்டுக் கணினியின் திரையில், எதிர்பாராத வேளையில், "உமது கணினியை வைரசு பற்றியுள்ளது" என்று தோன்றும் எச்சரிக்கையே அப்பொருள். விழா மலருக்கு இஃது ஏற்றதோ எனச் சிலர் முறுவலிக்கக்கூடும். இறுதிவரை வாசித்த பின்னரும் முறுவலிப்பாராயின் எமக்கு வருத்தமில்லை.

மட்டக்களப்பு வாவியின் நடுவே, நிலாக்காலத்து இரவில், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டோர் எம்முட் பலர் உளர். நீரடியிலிருந்து எழும் அவ்வொலி மீனின் பாட்டு என்பாரும், ஊரியின் ஒலி என்பாரும் உளர். எதுவாயினும், 'மீன்பாடும் தேன்நாடு' என்னும் பெயரை எம் நாட்டுக்கு ஈந்தது அவ்வொலியே. ஒலி கேட்டவுடன் எவரும் தோணியிலிருந்து குதித்தாரல்லர்; காதைப் பொத்திக்கொண்டாருமல்லர். எங்கிருந்து வருகின்றது, எதனால் வருகின்றது என்று உற்றுக் கேட்டனர். கணினியின் எச்சரிக்கைக்கும் இதுவே முறை என்பது எமது கருத்து. ஆனால், எமது வீடுகளில் நிகழ்வது வேறு. ஒரு சாரார் குதிக்கின்றனர். மறு சாரார் காதைப் பொத்துகின்றனர். இரண்டினாலும் விளையும் கேட்டினை நாம் கண்ணாற் கண்டோம்.

கணிதம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் படுவான்கரைச் சிற்றூரொன்றிற் தனியே வாழ்கின்றார். மனைவியார் காலமாகிவிட்டார், மகன் கனடாவில் உள்ளார். பேரப்பிள்ளைகளின் முகம் காண்பதற்கென மகன் வாங்கித் தந்த கணினியே அவருக்கு மாலைநேரத் துணை. ஒருநாள் அதன் திரை முழுதும் சிவந்தது. சங்கொலிபோல் ஓர் ஓசை எழுந்தது. ஐந்து வைரசுகள் புகுந்துவிட்டன என்றும், வங்கிக் கணக்கு களவாடப்படுகின்றது என்றும், கணினியை நிறுத்தினால் யாவும் அழியும் என்றும், உடனே இன்ன இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் எழுத்துக்கள் ஓடின. நாற்பது ஆண்டுகள் கணக்கிற் பிழை பொறாத அப்பெரியார் நடுநடுங்கிக் கைபேசியை எடுத்தார். அதிற் காசு இருக்கவில்லை. 'றீலோட்' போடுவதற்காகச் சந்திக்கடைக்கு விரைந்தார். அங்கே நின்ற உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், என்ன இவ்வளவு அவசரம்?" என்று கேட்டான். ஆசிரியர் விடயத்தைக் கூறவும், "சேர், அந்த நம்பருக்கு எடுக்க வேண்டாம். நான் வந்து பார்க்கிறேன்" என்று கூடவே சென்றான். இரண்டு நிமிடத்தில் திரை பழையபடி ஆயிற்று. கணினியில் வைரசு எதுவும் இருக்கவில்லை. அவர் முன்பொருநாள் பார்த்த இணையப் பக்கமொன்று, 'அனுமதி' என்னும் பொத்தானை அழுத்துமாறு கேட்டிருந்தது; அவரும் அழுத்தியிருந்தார். அவ்வனுமதியின் வழியே வந்த போலி அறிவித்தலே அவரை நடுங்கச் செய்தது.

அவரது சேமிப்பினைக் காத்தவை யாவை? ஒன்று, கைபேசியிற் காசு இல்லாமை. மற்றொன்று, சந்திக்கடையில் அம்மாணவன் நின்ற தற்செயல். இவ்விரண்டையும் நம்பி எமது முதியோரை விட்டுவிடலாமோ என்பதே நாம் எழுப்பும் வினா.

இனி, இரண்டாவது நிகழ்ச்சி. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர், தம் ஊர் அண்ணாவியார் உயிரோடிருந்த காலத்தில் அவர் வாய்மொழியாகக் கூறிய வடமோடிக் கூத்துப் பாட்டுக்களைக் கேட்டு எழுதி, மூன்று ஆண்டுகளாகத் தட்டச்சுச் செய்து வந்தார். அண்ணாவியார் மறைந்தார். பாட்டுக்கள் ஒரு பென் டிரைவில் மாத்திரம் இருந்தன. அச்சுப்பிரதி எடுப்பதற்காக அதனை நகரத்துக் 'கொமினிகேசன்' கடையொன்றிற் கொடுத்து வாங்கினார். வீட்டிற் செருகியதும் கணினியின் காவல் மென்பொருள் எச்சரித்தது. கோப்புறைகள் இருந்த இடத்தில், அவற்றின் பெயரையே தாங்கிய குறுக்குவழிக் குறிகள் மட்டும் தென்பட்டன. யாவும் போயிற்று எனக் கலங்கிய நண்பர், வைரசை ஒழித்தாற் போதுமென்று பென் டிரைவ் முழுவதையும் 'போமற்' செய்தார். பின்னர் பேரனின் படங்களை அதிலே நிரப்பினார்.

உண்மை யாதெனில், அவ்வகை வைரசு கோப்புக்களை அழிப்பதில்லை. அவற்றை மறைத்து வைத்து, அவற்றின் இடத்தில் தன்னை இயக்கும் குறிகளை நிறுத்துவதே அதன் இயல்பு. எச்சரிக்கை மெய்யானதே. காவல் மென்பொருள் அவ்வைரசை அகற்றியபின், மறைந்த கோப்புக்களை வெளிப்படுத்தியிருப்பின் அத்தனை பாட்டுக்களும் அப்படியே கிடைத்திருக்கும். போமற் செய்த பின்னருங்கூட, மேலே எதனையும் எழுதாது விட்டிருப்பின், மீட்பு மென்பொருள் கொண்டு பெரும்பகுதியை எடுக்க வாய்ப்பிருந்தது. அண்ணாவியாரின் பாட்டுக்களை அழித்தது வைரசு அன்று; அச்சமே அழித்தது. இப்பொழுது அப்பாட்டுக்களை எவரிடம் சென்று கேட்பது?

மூன்றாவதாகக் கூறப்போவது இளைஞரைப் பற்றியது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளையும் விளையாட்டையும் பூட்டுடைத்த பிரதியாகப் பெறுதல் இங்கு வழக்கமாகிவிட்டது. அப்பிரதியோடு வரும் குறிப்பின் முதல் வரி பெரும்பாலும் ஒன்றே: 'முதலில் உமது வைரசுத் தடுப்பினை நிறுத்துக.' எமது பிள்ளைகள் நிறுத்துகின்றனர். காவல் நாய் குரைக்கிறதென்று அதனைக் கட்டிவைத்துவிட்டு, முன்பின் அறியாதவனுக்குக் கதவு திறப்பது இதுவன்றோ! நூறு எச்சரிக்கைகளைப் பொய்யென்று தள்ளிப் பழகிய கை, நூற்றோராவது எச்சரிக்கை மெய்யாக வரும்போதும் தள்ளிவிடும். பூட்டுடைத்த மென்பொருள் ஒவ்வொன்றும் நஞ்சு கலந்தது என்று நாம் கூறவில்லை. ஆயின், எது நஞ்சு எது அன்று என்று சொல்ல வல்ல ஒரே காவலனை வாய்மூடச் செய்தபின் அதனை அறிவது எங்ஙனம்?

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுகூரத் தக்கது. ஐபிஎம் வகைக் கணினிகளிற் பரவிய முதல் வைரசு 'பிரெயின்' எனப்படுவது. 1986ஆம் ஆண்டில், பாக்கிசுத்தானின் இலாகூர் நகரிற் கணினிக்கடை நடத்திய சகோதரர் இருவர் அதனை எழுதினர். தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அதனுள்ளேயே பொறித்து வைத்தனர். தாம் எழுதிய மென்பொருளைப் பிறர் களவாகப் பிரதி செய்வதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாகப் பின்னாளில் அவர்கள் கூறினர். அது நெகிழ்தட்டு வழியே உலகெங்கும் சென்றது. களவுப் பிரதியும் வைரசும் கூடப்பிறந்தவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நிற்க. காவல் மென்பொருள் எவ்வாறு முடிவு செய்கின்றது என்பதை அறிந்தோமாயின், அதன் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும். அதற்கு இரு வழிகள் உள. முதலாவது அடையாளம் பார்த்தல். முன்னரே அறியப்பட்ட வைரசுகளின் அடையாளங்கள் ஒரு பட்டியலாக இருக்கும். கோப்பொன்று அவற்றுள் ஒன்றை ஒத்திருப்பின் அது பிடிபடும். பட்டியல் நாடோறும் புதுப்பிக்கப்படுவது இதன் பொருட்டே. இரண்டாவது நடத்தை பார்த்தல். முன்பின் அறியாத செயலி ஒன்று, விசைப்பலகையில் அழுத்தப்படும் எழுத்துக்களை இடைமறிப்பதையோ, ஏராளமான கோப்புக்களை விரைந்து மாற்றுவதையோ கண்டால், மென்பொருள் ஐயுறும். முதல் வழி புதிய கள்வனைத் தவறவிடும்; இரண்டாம் வழி சிலவேளை நல்லவனையும் பிடிக்கும்.

தமிழில் எழுதுவோர் இதனைச் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். ஆங்கில விசைப்பலகையிற் தமிழ் எழுத்துக்களை வரவழைக்கும் செயலிகள், ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றித் தருவன. கடவுச்சொல்லைத் திருடும் கள்ளச் செயலியும் விசைகளை இடைமறிப்பதே. எனவே, நடத்தையை மட்டும் நோக்கும் காவலன் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் கூடும். இம்மலருக்கான கட்டுரைகளை எமது வீட்டுக் கணினியிற் தட்டச்சுச் செய்யும்போது எமக்கும் அது நேர்ந்தது. பல்லாண்டு பயன்படுத்திய தமிழ்ச் செயலி ஒரு காலை திடீரெனத் 'தனிமைப்படுத்தப்பட்டது' என்று எச்சரிக்கை வந்தது. நாம் அதனை உடனே விடுவிக்கவுமில்லை, அழிக்கவுமில்லை. செயலியை எங்கிருந்து பெற்றோம் என்று நினைத்துப் பார்த்தபோது, நண்பர் ஒருவரின் பென் டிரைவிலிருந்து பெற்றது தெரிந்தது. அப்பிரதியை நீக்கி, ஆக்கியோரின் இணையத்தளத்திலிருந்து புதிய பிரதியை இறக்கி நிறுவினோம். எச்சரிக்கை மீண்டும் வரவில்லை. பழைய பிரதி கெட்டிருந்ததோ, காவலன் பிழைத்தானோ யாம் அறியோம். அறிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

காவலனே பெரும்பிழை செய்த நாள்களும் உண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், மக்காபி நிறுவனம் வெளியிட்ட பட்டியற் புதுப்பித்தல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத உறுப்பொன்றை வைரசு என மயங்கிச் சிறைப்படுத்தியது. பல நாடுகளிற் கணினிகள் திரும்பத் திரும்ப நின்று தொடங்கி, வலையமைப்புத் தொடர்பையும் இழந்தன. 2024ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் காவல் நிறுவனத்தின் பிழையான புதுப்பித்தலால், மைக்ரோசொப்ட் கணித்தவாறு, ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. இவற்றைக் கூறுவது காவல் வேண்டாம் என்பதற்கன்று. வைத்தியரும் பிழை செய்வர் என்பதால் எவரும் வைத்தியத்தை விடுவதில்லை. காவலன் சொல் ஒரு சாட்சியே. தீர்ப்பு அன்று என்பதே நாம் கொள்ள வேண்டுவது.

இனிப் போலிக் காவலர். இது தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. 2008ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வாணிப ஆணையம், போலி வைரசு எச்சரிக்கை காட்டிப் பயனற்ற மென்பொருளை விற்ற கூட்டமொன்றின்மீது வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஏமாந்தனர் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அக்காலத்தில் மென்பொருள் விற்றனர். இக்காலத்தில் தொலைபேசி இலக்கம் தருகின்றனர். அழைத்தவரைக் கணினியின் ஆட்சியைத் தம்மிடம் ஒப்படைக்கச் செய்து, வங்கிக் கணக்கினைத் திறப்பிக்கின்றனர்.

ஆகவே எச்சரிக்கை மூவகைத்து: மெய், மயக்கம், போலி. இவற்றைப் பிரித்தறிதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. மூன்று வினாக்கள் போதும். பேசுபவன் யார்? எதனைப் பற்றிப் பேசுகின்றான்? என்னை என்ன செய்யச் சொல்கின்றான்?

முதல் வினா. எச்சரிக்கையில் உள்ள பெயரையுடைய காவல் மென்பொருள் எம் கணினியில் உண்மையில் நிறுவப்பட்டுள்ளதா? நிறுவாத ஒன்றின் பெயரால் எச்சரிக்கை வருமாயின் அது போலியென்றே கொள்ளலாம். எச்சரிக்கை இணைய உலாவியின் பக்கத்தினுள் தோன்றுகின்றதா, அன்றி அதற்கு வெளியேயா என்பதையும் நோக்குக. இணையப் பக்கமொன்று, பார்த்த மாத்திரத்தே எமது கணினி முழுவதையும் சோதித்து வைரசுகளை எண்ணிக் கூற வல்லதன்று. இரண்டாம் வினா. மெய்யான காவலன் கோப்பின் பெயரையும், அது கிடக்கும் இடத்தையும், கண்ட வைரசின் பெயரையும் கூறுவான். போலியோ, 'ஐந்து வைரசு', 'ஆபத்து' என்று பொதுப்படக் கூவுவான். மூன்றாம் வினா. மெய்யான காவலன் தொலைபேசியில் அழைக்கச் சொல்வதில்லை. தன் எச்சரிக்கைகளிற் தொலைபேசி இலக்கம் ஒருபோதும் இடம்பெறாது என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே கூறியுள்ளது. இலக்கம் இருப்பின் அது போலி. இவ்வொரு விதியை மனத்திற் பதித்தாலே பாதித் துன்பம் நீங்கும்.

எச்சரிக்கை தோன்றியபோது செய்ய வேண்டியவற்றை முறையாகக் கூறுவோம். முதலாவது, அதன்மேல் எதனையும் அழுத்தாதிருத்தல். மூடுவதற்கெனக் காட்டப்படும் குறியே பொறியாக இருத்தல் கூடும். திரை முழுதும் மறைந்திருப்பின் 'எஸ்கேப்' விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடிக்க முழுத்திரை நீங்கும். நீங்காவிடின் 'கொன்ரோல்', 'சிப்ற்', 'எஸ்கேப்' ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி, தோன்றும் பட்டியலில் உலாவியைத் தெரிந்து நிறுத்துக. அதுவும் ஆகாவிடின் கணினியையே நிறுத்தலாம். நிறுத்தினால் யாவும் அழியும் என்னும் மிரட்டல் பொய். மீண்டும் உலாவியைத் திறக்கையில், பழைய பக்கங்களைத் திருப்பித் தரவோ என அது கேட்டால் வேண்டாம் என்க.

இரண்டாவது, காவலனை நாமே தேடிச் சென்று கேட்டல். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'விண்டோஸ் செக்யூரிற்றி' என்னும் பகுதி உடன் அமைந்தே வருகின்றது. தொடக்கப் பட்டியலிலிருந்து அதனைத் திறந்து, வைரசுப் பகுதியினுள்ளே 'புரொடெக்சன் கிஸ்ரரி' என்பதைப் பார்த்தால், உண்மையில் எது பிடிபட்டது, எப்பொழுது, எங்கே என்பன தெரியும். அங்கு ஒன்றும் இல்லையாயின், திரையிற் கூவியவன் பெரும்பாலும் போலியே. ஐயம் தீர முழுச் சோதனை ஒன்றும் நடத்துக. மறுபடியும் மறுபடியும் அதே வைரசு பிடிபடுமாயின், விண்டோஸ் எழும்புமுன்னரே தேடும் 'ஒவ்லைன்' சோதனை அங்கேயே உண்டு. வேறு காவல் மென்பொருளை வாங்கி நிறுவியோர் அதனையே திறந்து பார்த்தல் வேண்டும். கணினி வாங்கும்போது உடன்வந்த காவல் மென்பொருளின் தவணை முடிந்து, 'பணம் கட்டுக' என்று நச்சரிப்பதும் உண்டு. அது வைரசு எச்சரிக்கையன்று, விற்பனைக் குரல். வேண்டாதார் அதனை முறைப்படி நீக்கின் விண்டோசின் காவலன் தானே பொறுப்பேற்பான். ஒரு வீட்டுக்கு இரண்டு காவலர் வேண்டாம். ஒருவரையொருவர் கள்வரெனக் கருதிப் பூசலிடுவர்.

மூன்றாவது, அழித்தலினும் தனிமைப்படுத்தல் நன்று. தனிமையில் வைத்த கோப்பு தீங்கு செய்யாது. காவலன் மயங்கியிருப்பின் மீட்கவும் இயலும். ஐயத்துக்குரிய செயலியை 'வைரஸ்டோட்டல்' என்னும் இணையத்தளத்தில் இட்டால், பல நிறுவனங்களின் காவலர் அதனைப் பற்றிக் கூறுவதை ஒருங்கே காணலாம். ஒருவர் இருவர் மட்டும் குற்றம் கூறின் மயக்கமாக இருத்தல் கூடும். பெரும்பாலோர் கூறின் நம்புக. ஆயின், அங்கே இடப்படும் கோப்பினைப் பிறரும் பெறக்கூடுமாதலின், உறுதி, வங்கிக் கடிதம் போன்ற அந்தரங்கப் பத்திரங்களை இடுதல் ஆகாது.

நான்காவது, போலி எச்சரிக்கையின் வேரைக் களைதல். உலாவியின் அமைப்புக்களில் 'நொற்றிபிக்கேசன்' என்னும் பகுதிக்குச் சென்று, எந்தெந்தத் தளங்களுக்கு அறிவித்தல் அனுப்ப அனுமதி கொடுத்துள்ளோம் என்று பார்த்து, அறியாதவற்றை நீக்குக. படுவான்கரை ஆசிரியரின் இல்லத்தில் அம்மாணவன் செய்தது இதுவே. ஐந்தாவது, ஏமாந்து கணினியின் ஆட்சியைப் பிறரிடம் கொடுத்துவிட்டோர் முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, வங்கிக்கு உடனே அறிவித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுதல் வேண்டும். எமது நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் உண்டு. இத்தகைய முறைப்பாடுகளில் வழிகாட்ட 2006இல் நிறுவப்பட்ட 'சிறீலங்கா சேர்ட்' என்னும் அமைப்பும் உண்டு. ஏமாந்தவர் குற்றவாளியல்லர், நாணி மறைப்பதால் நன்மையுறுபவன் கள்வன் ஒருவனே.

எச்சரிக்கையின் அருமையை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாட் காலையில், நாவலடியிலும் கல்லடியிலும் கடல் ஊர்புகுந்தபோது, எம்மை எச்சரிப்பார் எவருமிலர். இந்துமாகடலுக்கென எச்சரிக்கை அமைப்பு ஒன்று அன்று இருக்கவில்லை. பின்னர் அமைப்பு வந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பாற் பெருநடுக்கம் நிகழ்ந்து எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, கரையோர மக்கள் உள்நோக்கி விரைந்தனர். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோமே என்று வருந்தினோர் எவரையும் நாம் கண்டிலோம். எச்சரிக்கை பொய்த்தது நன்றே. அன்று மக்கள் நம்பியது உரிய இடத்திலிருந்து வந்த சொல்லை. தெருவில் எவனோ ஒருவன் கூவி, 'வீட்டுச் சாவியை என்னிடம் தந்துவிட்டு ஓடுங்கள்' என்றிருப்பின் தந்திருப்போமா? கணினியின் முன் மட்டும் ஏன் தருகின்றோம்?

விடை வெளிப்படை: அச்சொல் எம் மொழியில் இல்லை, அதனை எம்மோடு இருந்து வாசிப்பாரும் இல்லை. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகி, 1936ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எம் மண்ணின் மைந்தர். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல இயலும் என்று அடிகளார் உழைத்த நாட்டில், வைரசு எச்சரிக்கை ஒன்றைத் தமிழில் விளக்கும் ஒரு தாள் எமது வீடுகளில் இல்லை. விண்டோசின் முகப்பினைத் தமிழில் மாற்றிக்கொள்ள இயலும். மாற்றினாரைக் காண்பதோ அரிது.

'இவை இளைஞர் அறிந்தவையன்றோ. பெரியோர் பிள்ளைகளைக் கேட்டால் முடிந்தது' என்பர் சிலர். கேட்டற்குப் பிள்ளைகள் அருகில் இல்லையே! எமது முதியோரிற் பலரின் பிள்ளைகள் இலண்டனிலும் தொறன்றோவிலும் மெல்பேணிலும் உளர். தந்தைக்குக் கணினி வாங்கி அனுப்பிய மகன், அதனோடு வரக்கூடிய இடரைப் பற்றி ஒரு சொல்லும் அனுப்பவில்லை. மேலும், இளைஞர் விரைந்து அழுத்த அறிந்தவர். நின்று நோக்க அறிந்தவர் என்று கூறுதற்கில்லை. வைரசுத் தடுப்பை நிறுத்திவிட்டு விளையாட்டை நிறுவும் பிள்ளை, பாட்டனாருக்கு எதனைக் கற்பிக்கும்? இருபாலாருக்கும் கற்றுக்கொள்ள வேண்டுவன உள.

ஆதலின், எமது பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு முன்மொழிவை வைக்கின்றோம். மாதத்தில் இரு சனிக்கிழமைகளில், கல்லூரியின் கணினி அறையை மாலை இரண்டு மணிநேரம் ஊராருக்குத் திறந்து வைத்தல் வேண்டும். உயர்தர வகுப்பு மாணவர் ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் அங்கிருந்து, வருவோரின் கணினியையும் பென் டிரைவையும் பார்த்துக் கொடுப்பாராக. அவர்களுக்கு மூன்று கட்டளைகள்: எவர் கடவுச்சொல்லையும் கேளாதிருத்தல், உடையவர் அருகில் இல்லாது எக்கோப்பையும் திறவாதிருத்தல், எவரையும் நகையாதிருத்தல். மூன்றாவதே தலையாயது. அண்ணாவியார் பாட்டை இழந்த நண்பர், போமற் செய்யுமுன் ஒருவரைக் கேட்டிராமைக்குக் காரணம், 'இதுகூடத் தெரியாதா' என்று நகைப்பரே என்னும் நாணமே. அவரே எம்மிடம் அவ்வாறு கூறினார்.

அவ்வறையிற் சங்கத்தின் செலவிற் பெருவட்டு ஒன்று இருத்தல் வேண்டும். ஊர்க்கோயிற் கணக்கு, கூத்துப் பாட்டு, பழைய நிழற்படம் முதலியவற்றை வைத்திருப்போர் விரும்பின் அதில் ஒரு பிரதி வைக்கலாம். இரண்டு இடத்தில் இல்லாத எழுத்து இல்லாத எழுத்துக்குச் சமம். கடல்கடந்த பழைய மாணவர் அப்பெருவட்டின் விலையைத் தருவாராக. அதனினும் மேலாக, மாதம் ஒருமுறை தம் பெற்றோரோடு பேசும்போது, 'திரையிற் புதிதாக ஏதும் தோன்றிற்றா?' என்று ஒரு வினா வினவுவாராக. சங்கம் மேலே கூறிய மூன்று வினாக்களையும் ஐந்து முறைகளையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு, இம்மலரோடு வீடுதோறும் அளிக்குமாயின், மலரின் பிற பக்கங்கள் மங்கிய பின்னரும் அத்தாள் கணினியின் அருகே ஒட்டப்பட்டிருக்கும்.

கல்லூரி என்பது கட்டடமன்று. கற்றவன் கல்லாதவனுக்கு உதவும் இடமே கல்லூரி. படுவான்கரை ஆசிரியர் எமக்குக் கணக்குக் கற்பித்தார். அவர் நடுங்கிய மாலையில் சந்திக்கடையில் ஒரு மாணவன் நின்றது தற்செயல். அடுத்த ஆசிரியர் நடுங்கும்போது, செல்ல வேண்டிய அறை இன்னது, திறந்திருக்கும் நாள் இன்னது என்று அவர் அறிந்திருத்தல் வேண்டும். அதனைச் செய்வோமாயின், இவ்விழாவை நாம் முறைப்படி கொண்டாடியவராவோம்.